அழைப்பு மணிக்கு அப்பால்: ஜப்பானில் தொலைக்காட்சிக் கட்டண வசூலரும் வெளிநாட்டுக் குடியிருப்பாளரும் - ஒரு முன்னோடி ஆய்வு

ஜப்பானில் வாழும் வெளிநாட்டவரின் ஜப்பானிய மொழி அறிவு இரண்டே நொடியில் அடியோடு மறைந்துபோகும் தருணம் ஒன்று உண்டு. மொழியியலாளர்கள் இதை இன்னும் கண்டுகொள்ளாதது ஆய்வுலகின் பெருங்குறை. பகலில் அலுவலகத்தில் வாடிக்கையாளரிடம் மரியாதைச் சொல் பிசகாமல் பேசியவர், மாலையில் ரயில் நிலையத்தில் வழி கேட்ட பாட்டிக்குப் பொறுமையாக விளக்கியவர், இரவு ஏழு மணிக்கு அழைப்பு மணி கேட்டு இண்டர்காம் திரையைப் பார்க்கிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சிறிய கருவியோடு ஒருவர் குனிந்து வணங்கி, என்.எச்.கே.யிலிருந்து வருவதாகச் சொல்கிறார். உடனே உள்ளிருந்து பதில் போகிறது: "நிஹொங்கோ வகரிமாசென்." ஜப்பானிய மொழி தெரியாதாம். அதையும் குறையே சொல்ல முடியாத உச்சரிப்பில் சொல்கிறார். இக்கட்டுரை இந்நிகழ்வுக்கு 'வாசற்படி மொழியிழப்பு' என்று பெயர் சூட்டி, அதன் காரணங்களை ஆராய முற்படுகிறது.

முதலில் பின்னணி. என்.எச்.கே. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம். விளம்பரம் வாங்குவதில்லை, வீடுகளும் கடைகளும் செலுத்தும் கட்டணத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பை அது தொடங்கிய 1953 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் இருந்த ஒப்பந்தங்கள் மொத்தம் 866. மாதக் கட்டணம் 200 யென். உள்நாட்டிலேயே தயாரான 14 அங்குலப் பெட்டியின் விலையோ 1,75,000 யென். அவ்வளவு கொடுத்துப் பெட்டி வாங்கியவர் 200 யென்னுக்காகத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்க மாட்டார். பெட்டி மலிவாக ஆக ஆகத்தான் ஒளிதல் வளர்ந்தது என்ற கருதுகோளை இங்கே முன்வைத்துவிட்டு நகரலாம். இன்றைய கட்டணம், 2023 அக்டோபரில் குறைத்த பிறகு, தரைவழி ஒளிபரப்புக்கு மாதம் 1,100 யென். செயற்கைக்கோள் அலைவரிசைகளும் சேர்ந்தால் 1,950.

1950இல் வந்த ஒலிபரப்புச் சட்டத்தின் 64ஆம் பிரிவுதான் இத்துறையின் மூலநூல். என்.எச்.கே.யைப் பெறக்கூடிய கருவியை நிறுவியவர் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது அது. குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறது. "நான் பார்ப்பதே இல்லை, எனக்கு அந்த மொழியே புரியாது, கிரிக்கெட்டும் காட்டுவதில்லை" என்று வாதாடும் இந்தியருக்கு இதனால் இடமே இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாவிட்டாலும் இலைக்கணக்கில் வந்துவிடுவார். பெட்டி வைத்திருப்பவரும் அப்படித்தான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் நெடுங்காலம் ஒரு விசித்திரம் இருந்தது. ஒப்பந்தம் செய் என்றது. செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. சிறை இல்லை, அபராதம் இல்லை. பிரிட்டனில் உரிமமில்லாமல் பிபிசி பார்ப்பவர் குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். ஜப்பானில் யாராவது நேரில் வந்து, வணங்கி, கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆக, கோடிக்கணக்கான யென் புரளும் ஒரு நிறுவனத்தின் வரவு, செருப்புக் கழற்றும் நடையில் இருவருக்கு நடுவே யார் அதிகம் கூச்சப்படுகிறார் என்பதைப் பொறுத்து அமைந்தது. இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இதுதான்: இது சட்டப் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது மரியாதைப் பிரச்சினை.

வசூலரைப் பற்றி இலக்கிய ஆதாரம் உண்டு. ஹாருகி முராகாமியின் '1க்யூ84' நாவலில் நாயகன் டெங்கோவின் தந்தை என்.எச்.கே. கட்டண வசூலர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவனையும் கூடவே வீடு வீடாக அழைத்துச் செல்வார். பிள்ளையோடு நிற்பவரிடம் 'இல்லை' என்பது கடினம் என்ற கணக்கு அதில் உண்டு. நாவலை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தொழில் கடினமானதுதான். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, ஒரே வாக்கியத்தை நாற்பது கதவுகளுக்குச் சொல்லி, முப்பத்தைந்தில் மௌனத்தைப் பதிலாகப் பெறுபவர் மீது ஆய்வாளருக்குக் கொஞ்சம் பரிவு வராமல் போகாது.

இனி மறுதரப்பு. டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் நிஷி கசாய் என்ற பகுதியில் தகவல் தொழில்நுட்ப வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கின்றன, தமிழர்களும் உண்டு. புதிதாக வந்திறங்கியவருக்கு மூத்தவர் சொல்லும் முதல் மூன்று அறிவுரைகள்: குப்பையை எந்த நாளில் எந்தப் பையில் போடுவது, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், மூன்றாவதாக, "ப்ரோ, ராத்திரி பெல் அடிச்சா ஸ்கிரீன்ல முகத்தைப் பாருங்க. பார்சல்காரர் இல்லன்னா பேசாம இருந்துடுங்க." இதை மௌனப் பள்ளி எனலாம். ஏன் தர வேண்டும் என்ற கேள்வியே இவர்களுக்குப் புதுசு. இந்தியாவில் அஞ்சலகத்தில் கட்டி வந்த ரேடியோ, டிவி லைசன்ஸ் கட்டணம் 1980களின் நடுவிலேயே ஒழிந்துவிட்டது; அப்பா காலத்து லைசன்ஸ் புத்தகத்தைப் பரணில் பார்த்தவர்கள்கூட இன்று குறைவு.

மௌனப் பள்ளிக்கு எதிரில் நிற்பது 'டிவியே இல்லை' பள்ளி. இது துணிச்சலானது. ஏனெனில் பின்னணியில் சுமோ வர்ணனை கேட்டுக்கொண்டிருக்கும்போதும் இதைச் சொன்னவர்கள் உண்டு. மூன்றாவது வகையினர் மேலே சொன்ன மொழியிழப்பாளர்கள். இவர்களை எதிர்கொள்ள நிறுவனம் பல மொழிகளில் விளக்கத் தாள்களை அச்சிட்டு வைத்திருக்கிறது. "ஆங்கிலம்?" என்று கேட்டு ஆங்கிலத் தாளை நீட்டினால், அடுத்து எந்த மொழியை மறப்பது என்று யோசிக்க ஒரு நொடிதான் கிடைக்கும். கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிடும் நான்காவது வகையும் இருக்கிறது. ஜப்பான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாமே அரசாங்கம்தான் என்று நம்பும் காலத்தில் இது நேரும்.

வீட்டுக்குள்ளேயே உளவாளிகள் இருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பால்கனியில் டிஷ் இருந்தால் தெருவிலிருந்தே தெரியும். மாதம் 850 யென் கூடுதல். அதைவிட நுட்பமானது பெட்டிக்குள் இருக்கும் அட்டை. பதிவு செய்யாத பெட்டியில் என்.எச்.கே.யின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் போட்டால், திரையின் இடது கீழ்மூலையில் தொடர்புகொள்ளச் சொல்லும் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நீக்க அட்டையின் எண்ணைச் சொல்ல வேண்டும். அதாவது காட்டிக்கொடுப்பவரே அந்த வீட்டுக்காரர்தான்.

பெட்டியை அவர் வாங்கவே இல்லை என்றால்? வெளிநாட்டவர் பலர் முதலில் குடியேறுவது கட்டில், குளிர்பெட்டி, டிவி எல்லாம் சேர்த்து வாடகைக்கு விடும் அறைகளில்தான். அத்தகைய அறையில் டிவியை நிறுவியவர் யார் என்ற தத்துவக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2016இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் குடியிருப்பவர் அல்லர் என்றது. 2017இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டு, குடியிருப்பவரே கட்ட வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஒரு ஹோட்டல் குழுமம் சுமார் 34,000 அறைகளுக்கு ஏறக்குறைய 193 கோடி யென் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தொகையைப் பார்த்தபின் தனியொரு குடித்தனக்காரரின் பாக்கி மிகச் சிறியதாகத் தெரியும் என்பது ஆறுதல்.

அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, 64ஆம் பிரிவு அரசமைப்புக்கு உட்பட்டதே என்று முடிவு செய்தது. மறுப்பவர் மீது வழக்குத் தொடுத்து வென்றால் அந்தத் தீர்ப்பே ஒப்பந்தமாகிவிடும். பெட்டி வந்த நாளிலிருந்து பாக்கி. அதற்கு முன்னும் பின்னும் மனித மூளை ஓயவில்லை. ஒருவர், தன் கைபேசியில் டிவி வருமே தவிர அதை எங்கும் 'நிறுவவில்லை', சட்டைப்பையில் வைத்திருப்பதாகச் சொன்னார். சைத்தாமா மாவட்ட நீதிமன்றம் 2016இல் அதை ஏற்றது; மேல்நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. சுகுபா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் என்.எச்.கே. அலையை மட்டும் வடிகட்டும் கருவியையே உருவாக்கினார். அது பொருத்திய பெட்டியை வாங்கிய பெண்மணி முதல் நீதிமன்றத்தில் வென்றார். வேறு கருவி இணைத்தால் மீண்டும் பார்க்க முடியுமே என்ற வாதம் மேலே எடுபட்டு, 2021இல் தோற்றார். அதே ஆண்டு ஒரு தள்ளுபடிக் கடைத்தொடர், அலைவாங்கியே இல்லாத 24 அங்குலத் திரையை 21,780 யென்னுக்கு விற்பனைக்கு வைத்தது. யூடியூப் வரும், என்.எச்.கே. வராது. நன்றாக விற்றது. பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் பத்தாண்டு திணறிய சிக்கலைக் கடைக்காரர் ஒரு பாகத்தைக் கழற்றித் தீர்த்துவிட்டார்.

வெளிநாட்டவரிலேயே தனி வர்க்கம் அமெரிக்கப் படையினர். கட்டணம் என்பது ஒருவகை வரி, படைகள் பற்றிய இருநாட்டு உடன்பாட்டின்படி தங்களுக்கு வரி இல்லை என்பது அவர்கள் தரப்பு. இது வரியே இல்லை என்பது ஜப்பானியத் தரப்பு. பல்லாண்டாக இந்தக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நிஷி கசாய் மென்பொருளாளருக்குப் பின்னால் விமானந்தாங்கிக் கப்பல் இல்லாததால் இந்த வாதம் அவருக்குப் பயன்படாது.

உள்நாட்டவரின் மனத்தாங்கலோ கட்சியாகவே ஆனது. என்.எச்.கே.யின் முன்னாள் ஊழியர் தகாஷி தாச்சிபானா தொடங்கிய, அந்நிறுவனத்திடமிருந்து மக்களைக் காப்பதாகப் பெயரிலேயே சொன்ன கட்சி, 2019இல் மேலவையில் ஓரிடம் பிடித்தது. 2022இல் அதன் சார்பில் வென்ற இன்னொருவர் அவைப்பக்கமே வராததால் அடுத்த மார்ச்சில் நீக்கப்பட்டார். வசூலரிடம் கதவைத் திறக்காத மரபு நாடாளுமன்றம் வரை போனதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருதலையாகிவிடும். 2024 புத்தாண்டு மாலை நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது, வழக்கமாகக் குரல் உயர்த்தாத என்.எச்.கே. அறிவிப்பாளர், சுனாமி வருகிறது, இப்போதே ஓடுங்கள் என்று கத்தினார். திரையில் எளிய ஜப்பானிய எழுத்தில் "ஓடு" என்று பெரிதாக வந்தது. அந்த நேரத்தில் ஜப்பானிய மொழி தெரியாது என்று சொல்லிக்கொள்ள எந்த வெளிநாட்டவரும் விரும்பியிருக்க மாட்டார்.

இதற்கிடையே களமே மாறிவிட்டது. 2023 ஏப்ரல் முதல், தகுந்த காரணமின்றி ஒப்பந்தம் செய்யாதவரிடம் கட்டணத்தோடு அதன் இருமடங்கைக் கூடுதலாகக் கேட்கலாம், மொத்தம் மும்மடங்கு. அவ்வாண்டு செப்டம்பரோடு, வெளி நிறுவனங்களை அமர்த்தி வீடு வீடாக ஆளனுப்பும் முறை முடிந்தது. இப்போது பெரும்பாலும் வருவது கடிதம்தான், அதுவும் பெயரே இல்லாமல் முகவரிக்கு மட்டும் வரும் தனிவகைத் தபால். கடிதத்திடம் மொழி தெரியாது என்று சொல்ல வழியில்லை. மொழியிழப்பு என்ற அரிய நிகழ்வு இதனால் அருகி வருகிறது. களஆய்வாளர்கள் விரைந்து பதிவு செய்வது நல்லது. 2025 அக்டோபர் முதல் டிவி இல்லாமல் இணையத்தில் மட்டும் என்.எச்.கே. பார்க்க விரும்புவோரும் ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். டிவி அலைவாங்கி இல்லாத கைபேசியை வைத்திருப்பது மட்டும் குற்றமில்லை.

கடைசியாக ஒரு துணைச் சிக்கல். ஊர் திரும்புபவர் ஒப்பந்தத்தை முடிக்கப் பெட்டி தன்னிடம் இல்லை என்று காட்ட வேண்டும். பெட்டியைக் குப்பையில் வைக்க முடியாது. மறுசுழற்சிச் சட்டப்படி ஏறத்தாழ 3,000 யென் கட்டணம், எடுத்துப் போகும் கூலி தனி. எனவே அவர் நண்பர்கள் குழுவில் 'சயோனாரா சேல்' அறிவிக்கிறார்: அரிசி குக்கர் 1,500 யென், சைக்கிள் 4,000, 32 அங்குல டிவி இலவசம், ரிமோட்டும் உண்டு, நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்திறங்கிய தம்பி ஒருவர் சந்தோஷமாகக் கைதூக்குகிறார். 64ஆம் பிரிவு அன்று மாலையே அவர் வீட்டுக்குக் குடிபெயர்கிறது.