மைலேஜ் மாமா

பையன் எல்.எல்.ஆர். போட்டுவிட்டான் என்ற சேதி தெருமுனை தாண்டுவதற்குள் மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். யாருக்கு மாமா என்று கேட்கக் கூடாது. தெருவில் எவர் பைக் வாங்கினாலும் ஷோரூம் வரை கூடவே போவதால் வந்த உறவு அது.

"தம்பி என்ன வண்டி பார்க்கிறாப்ல?" என்பார். பையன் வாயைத் திறப்பதற்குள், "அது வேணாம்" என்று தீர்ப்பு வந்துவிடும்.

மாமாவின் நாட்காட்டி 1996-இல் நின்றுபோனது. யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்ற வருஷம். "வெறும் 98 சி.சி. தம்பி. ஆனா ஒரு முறுக்கு முறுக்கினா..." என்று வலது மணிக்கட்டைத் திருப்பிக் கண்ணை மூடுவார். அவர் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பட்டும், அதுவரை நாம் காபி குடிக்கலாம். 'அது டூ ஸ்ட்ரோக், இப்போ பி.எஸ். 6 காலம்' என்று பையன் முனகினால், "புகை வராத வண்டி என்ன வண்டி?" என்பார். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். மாமாவுக்கு அது தன்மானப் பிரச்சினை. "நம்ம பிரேக்கை நாம பிடிக்கிறதா, கம்ப்யூட்டர் பிடிக்கிறதா?"

அவர் பழகியது பழைய புல்லட்டில். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மற்ற வண்டிகளில் இது தலைகீழ். ஒருநாள் மச்சினன் வண்டியை வாங்கிக்கொண்டு போனவர், பிரேக் என்று கியரை மிதித்து பால் பூத்துக்குள் நுழைந்ததை மாமி சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

ஆலோசனையில் அவருக்குப் பாரபட்சம் கிடையாது. அப்பா தனியாகக் கிடைத்தால், "ஸ்ப்ளெண்டர் எடுங்க சார். மைலேஜ், ரீசேல், ரெண்டுக்கும் அதை அடிச்சுக்க ஆளில்லை." அம்மாவிடம், "அக்கா, நாற்பதுக்கு மேல போகாத மாதிரி மெக்கானிக்கிட்ட சொல்லிடலாம்." மாடிப்படியில் பையனை மடக்கி, "புல்லட் எடுடா. 1955-லேருந்து நம்ம மெட்ராஸ்ல ஓடுற கம்பெனி!" மூன்று பேருக்கும் மூன்று வண்டி. மாமா கிளம்பும்போது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சண்டை ராத்திரி சாப்பாட்டின்போதுதான் தொடங்கும்.

ஒன்றை மட்டும் அவர் கேட்கவே மாட்டார்: ஓட்டப்போகிறவனின் உயரம். பையன் ஐந்தடி இரண்டங்குலம். புல்லட் 350-இன் எடை 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் ஏறக்குறைய 112. சிக்னலில் நுனிக்காலில் நின்றபடி அந்தக் கூடுதல் எண்பது கிலோவைச் சாயாமல் பிடிக்க வேண்டியவன் அவன். குறுகலான சந்திலிருந்து பின்னாலேயே தள்ளி எடுக்க வேண்டியவனும் அவனே. அதை யார் யோசிக்கிறார்கள்? ஷோரூமில் சீட்டில் ஏறி உட்காருவது மாமா. கண்ணாடியைத் திருப்பித் தலை சீவிக்கொள்வது மாமா. பையனிடம் எல்.எல்.ஆர். தானே இருக்கிறது என்பதால் டெஸ்ட் ரைடு போவதும் மாமாதான். பையன் இரண்டு பேருடைய டீயையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

ஆனால் கொட்டேஷன் மேஜைக்கு முன் உட்கார்ந்தால் மாமா வேறு ஆள். "ஹேண்ட்லிங் சார்ஜா? வண்டியைக் கொஞ்சினீங்களா?" அந்த வரி அடிபடும். "ஹெல்மெட்டுக்குத் தனியா காசா? வண்டியோட குடுக்கணும்னு மோட்டார் வாகன விதியிலேயே இருக்கே!" அதுவும் அடிபடும். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 5 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதில் வாய் திறக்க மாட்டார். "சொந்தச் சேதத்துக்கான பாலிசியை உங்ககிட்டதான் எடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு?" என்று அடுத்த வரிக்குத் தாவுவார். டெஃப்ளான் கோட்டிங் என்ற சொல் விற்பனைப் பையனின் தொண்டையிலேயே நின்றுவிடும். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுப்பார்.

ஆகவே முதல் வண்டி வாங்கப் போகிறவர்களே, இரண்டு பாதமும் தரையில் பதிகிற சீட்டை முந்தின நாளே தனியாகப் போய்த் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மறுநாள் மாமாவைக் கூட்டிப் போய் நேராக பில் போடும் மேஜையில் உட்கார வையுங்கள்.