லாகின் வைத்தியர்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒரு வைத்தியர் இருக்கிறார். தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவர். பார்ப்பது ஒரே நோய்தான்: நெட் பேங்கிங்கில் உள்ளே போக முடியாத நோய்.

ஜூலையில் கூட்டம் தாங்காது. வருமான வரிக்கு வட்டிக் கணக்கு வேண்டுமே! வருஷம் முழுக்கத் தொடாத கணக்கை எல்லோரும் ஒரே வாரத்தில் திறக்கப் பார்ப்பார்கள்.

"எத்தனை தடவை ஆச்சு?" என்பார், பேதிக்குக் கேட்பது போலவே.

"ரெண்டு, சார்."

"வைத்தியர்கிட்ட மறைக்கக் கூடாது."

"...நாலு."

அவ்வளவுதான். கணக்கு பூட்டியாகிவிட்டது, மறுநாள் வரை பத்தியம். பூட்டாதவர்களுக்கு மட்டும் நாடி பார்ப்பார். முதலெழுத்தை போன் தானாகப் பெரிதாக்கிவிட்டதா? கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டதா? கேப்சாவில் தெரிவது பூஜ்யமா, ஓவா? ஓடிபி வரவில்லையா, அது பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் மகனின் போனில் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கே பிடிபடாத நோய் ஒன்று உண்டு. மூன்றாம் மாடிப் பெரியவரிடம் வங்கி கேட்டது: பிடித்த ஆசிரியர் யார்? சண்முகம் வாத்தியார். இதிலென்ன சந்தேகம்? ஆனால் ஆங்கிலத்தில் எப்படி எழுதித் தொலைத்தார்? எஸ் மட்டுமா, கூடவே எச்சா? அடுத்தது ஏவா, யூவா? 'மு'வுக்கு ஒரு யூவா, இரண்டு ஓவா? முடிவில் ஏ எம்மா, யூ எம்மா? வைத்தியர் பெருக்கிப் பார்த்தார்: 16 விதம். வங்கி தருவதோ மூன்று வாய்ப்பு. பெரியவருக்குப் பதினாறும் தேவைப்பட்டன.

"ஒரு ரவிகிட்டப் படிச்சிருக்கக் கூடாதா சார்?" என்று நொந்துகொண்டார்.

தொழில் தர்மம் தவறாதவர். அடுத்தவர் போனைத் தொடமாட்டார். பாஸ்வேர்டு அடிக்கும்போது நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். நம் ஜனங்களோ ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லித்தான் அடிப்பார்கள். ஆகையால் நாற்பது வீட்டுக்காரர்களின் குலதெய்வமும் அவருக்கு மனப்பாடம்.

போன வாரம் பெரியவர் மறுபடி வந்தார். வைத்தியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே அடிங்க" என்றார். பெரியவரும் சத்தமில்லாமல் அடித்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை. ஊஹூம்.

வைத்தியர் திரும்பவேயில்லை.

"அய்யனாருக்கு ரெண்டு ஒய் சார்."