தோல் எனக்கு, கறி உனக்கு

பறவையைத் தின்கிறவர்கள் தோலை எறிந்துவிட்டுக் கறியை எடுத்துக்கொள்வார்கள். பாடம் செய்கிறவர்கள் கறியை ஒதுக்கிவிட்டுத் தோலை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் அமைந்துவிட்டால் தொகுதிப் பங்கீடு சுலபம். இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் கிராமம் ஒன்றில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் உடன்பாடு ஏற்பட்டது. தோல் எனக்கு, கறி என் மனைவிக்கு.

பறவையின் பெயர் ஃபெஸன்ட். கோழிக்குச் சொந்தம். சேவலுக்குப் பச்சைத் தலை, சிவந்த கன்னம், கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற உடம்பு, முழ நீள வால். படைத்தவன் கையிருப்பு முழுவதையும் நிறத்துக்கே கொட்டிவிட்டு, மூளையின் முறை வந்தபோது கையை விரித்துவிட்டான். வேலியோரம் நிம்மதியாக நிற்கும். கார் வருவதைப் பார்த்ததும் நடுச்சாலைக்கு ஓடிவரும். வேட்டைக்காகவே வருடாவருடம் கோடிக்கணக்கில் வளர்த்து வெளியே விடுகிறார்கள். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சுடலாம். அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஜோடியைக் கழுத்தில் கயிறு கட்டி எங்கள் வாசற்கதவில் மாட்டிவிட்டுப் போவார். நம் ஊரில் திருஷ்டிக்குத் தொங்கவிடுவது மாதிரி, இங்கே அன்புக்கு.

பறவை கிடைத்ததும் கத்தியைத் தூக்கக் கூடாது. தொண்டையில் பஞ்சை அடைத்து ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். இறகு கலையாமலிருக்க, பெண்கள் அணியும் நைலான் ஸ்டாக்கிங்ஸுக்குள் தலை முதலில் போகும்படி நுழைத்து வைப்பது நல்ல முறை.

“ஏங்க, என் ஸ்டாக்கிங்ஸ் ஒண்ணைக் காணோமே?”

“ஃப்ரீஸர்ல இருக்கு.”

பல வருடத் தாம்பத்தியத்தில் சில பதில்களுக்கு மறுகேள்வி வருவதில்லை. இது அந்த ரகமில்லை.

அன்று என்னைக் காப்பாற்றக் கூப்பிட்டது டார்வினை. மருத்துவம் படிக்க எடின்பரோவுக்குப் போன டார்வின், 1826-இல் அங்கே காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட கலை இது. சொல்லிக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன், கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் யார்க்‌ஷயர்க்காரரான சார்ல்ஸ் வாட்டர்டன். இந்தக் குருபரம்பரையை விலாவாரியாக எடுத்துச் சொன்னேன்.

“அவர் கத்துக்கிட்டுக் கப்பலேறிப் போயிட்டாரு. நீங்க என் அடுப்படியிலல்ல நிக்கிறீங்க” என்றாள்.

உடன்பாட்டில் துணைவிதிகளும் உண்டு. நெஞ்செலும்பின் மேல் கீறி, விரலால் தோலை விலக்கிக்கொண்டே போகும்போது கசியும் ரத்தத்தையும் கொழுப்பையும் உறிஞ்சச் சோளமாவுதான் தூவ வேண்டும். தோலைப் பதப்படுத்தும் வெங்காரம், கறி வேறு அறைக்குப் போன பிறகே வெளியே வரும். விக்டோரியா காலத்தில் இந்த வேலைக்கு ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். பழைய மாளிகைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பறவையைப் பார்த்தால் ஆசையாகத் தடவிக்கொடுக்காதீர்கள். இத்தனையும் விளக்கிய பிறகு என் மனைவி சொன்னது ஒன்றுதான்: “அந்த வெங்காரத்தை அப்பளக்காரம் டப்பா பக்கத்துல வெக்காதீங்க.”

கால் வந்ததும் எல்லைத் தகராறு வந்தது. முழங்கால் மூட்டில் வெட்ட வேண்டும். பறவையின் கால் நடுவில் பின்பக்கமாக மடங்குகிறதே, அதைத்தான் எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறோம். அது கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள்ளே, உடம்பை ஒட்டி ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தை நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தவள், “லெக் பீஸ்ல தொடையும் காலும் சேருற இடம்தானே? இதுக்குப் புஸ்தகம் வேறயா?” என்றாள். உடற்கூறு சாஸ்திரத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் படித்த குடும்பம் அவளுடையது. மூட்டுக்குக் கீழே எலும்பு எனக்கு, அதிலிருந்து வழித்தெடுத்த சதை அவளுக்கு என்று சமரசமானது. மண்டையோடு என் பங்கு. உள்ளேயிருந்த மூளையை எடுத்தாக வேண்டும். தேடித்தான் எடுத்தேன்.

பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தில் தோலை அலசி, ஹேர் டிரையரால் உலர்த்த வேண்டும். ஈரத்தோலைப் பார்க்கச் சகிக்காது. சூடான காற்று பட்டதும் அடியிலுள்ள சாம்பல் நிறப் பஞ்சு முதலில் உதறிக்கொண்டு எழும். அதன் மேல் செம்பு நிற இறகுகள், ஒவ்வொன்றும் தன் கறுப்பு விளிம்போடு, வரிசை வரிசையாக வந்து உட்காரும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இந்தத் தொல்லை முழுவதையும் படலாம். ஹேர் டிரையர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே வைப்பதற்கு மெல்லிய மரச்சீவலை நூலால் இறுக்கிச் சுற்றி ஓர் உடம்பு செய்ய வேண்டும். உரித்த உடம்பின் நீளமும் சுற்றளவும்தான் அதற்கு அளவு. நான் டேப்போடு அளந்துகொண்டிருக்க, அவள் மிளகு வறுத்துவிட்டுக் காத்திருந்தாள். அளந்து முடித்ததும் மாதிரி நேராகச் சட்டிக்குப் போனது. காலுக்கும் கழுத்துக்கும் கம்பி கொடுத்து, தோலைப் போர்த்தித் தைத்து, உலரும்வரை இறகுகளை ஊசியும் நூலும் கொண்டு அடக்கி வைத்தேன். உலர்ந்தால் கன்னத்துச் சிவப்பு மங்கிவிடும், சாயம் பூச வேண்டும். நெயில் பாலிஷ் முன்னதாகவே ஒளித்து வைக்கப்பட்டிருந்ததால் கடையில் பெயின்ட் வாங்கினேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கண். கடையில் கண்ணாடிக் கண் கிடைக்கும், பார்வை கிடைக்காது. இமை ஒரு நூல் மேலே ஏறினால் திகில், ஒரு நூல் கீழே இறங்கினால் தூக்கம். என் பறவைக்கு இரண்டுக்கும் நடுவே அமைந்தது. எதையோ ஆழ்ந்து யோசிக்கிற பாவனையில் புத்தக அலமாரி மேல் நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ஈயக்குண்டு அகப்படலாம், மெதுவாகக் கடியுங்கள் என்று எச்சரித்துவிட்டு மிளகுக் குழம்பைப் பரிமாறினோம். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், கை கழுவிவிட்டு அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“வேலை பிரமாதம். ஆனால் நான் சுட்டது இதுவல்ல” என்றார். “இப்படி யோசிக்கிற பறவை என் குறிக்கு அகப்பட்டிருக்காது.”