மீசைக்காரர் வீடு மாறுகிறார்

விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன் தொட்டிப் பக்கம் இது. இம்முறை கோரிடோராஸ் மீனைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. கடைக்காரர்கள் சுருக்கமாகக் 'கோரி' என்பார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கேள்வி: கோரி நம்ம ஊர்க் கெளுத்திக்குச் சொந்தமா? குழம்பு வைக்கலாமா?
– பூவாறு வாசகர்

பதில்: தூரத்துச் சொந்தம். இரண்டும் மீசைக்காரர்கள்தான், ஆனால் கோரிக்குப் பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். செதிலுக்குப் பதில் பக்கத்துக்கு இரண்டு வரிசை எலும்புத் தகடு. ஒரு விரல் நீள மீனின் கவசத்தை நீங்கள் கழற்றி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். ஒரு பெருமையும் உண்டு: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பலேட்டஸ் கோரி, பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்துக் கொண்டுவந்த மீன்களில் ஒன்று. 1842இல் இயற்கையாளர் ஜெனின்ஸ் அதற்குப் பெயர் வைத்தார். 2024இல் ஆய்வாளர்கள் கோரிக் குடும்பத்தைப் பாகம் பிரித்துப் பல பேரினங்களாக்கிவிட்டார்கள். கடை விலைப்பட்டியலில் மட்டும் இன்னும் கூட்டுக் குடும்பம்தான்.

கேள்வி: மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் காட்சியகத்தில் கோமாளி மீனைப் பார்த்ததிலிருந்து பையன் அடம். அதையும் கோரியையும் ஒரே தொட்டியில் விடலாமா?
– பாலராமபுரம் வாசகி

பதில்: ஒன்றுக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்பு வேண்டும், மற்றதற்கு உப்பே ஆகாது. பையனுக்கு இரண்டு தொட்டி வாங்கிக் கொடுங்கள், அல்லது மறுபடி காட்சியகத்துக்கே கூட்டிப் போங்கள். இரண்டாவது மலிவு.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து விழிஞ்ஞத்துக்கு மாற்றலாகி வந்தோம். பழைய இரண்டடித் தொட்டியைக் கொடுத்துவிட்டு நாலடியில் புதுசு வாங்கினேன். மணலைப் புதிதாகப் போட்டு, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்து, ஆறு கோரியையும் விட்டேன். தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. மூன்றாம் நாள் இரண்டு போய்விட்டன. கண் பட்டிருக்குமோ?
– புதிதாகக் குடிவந்தவர்

பதில்: கண் படவில்லை, உங்கள் கை பட்டிருக்கிறது. குழாயடியில் பிழிந்தீர்களே, அந்தக் கறுப்புச் சகதிதான் உங்கள் தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள் மொத்தமும்.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வெறும் தொட்டியில் அது புதிதாகப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொல்ல அவ்வளவு நேரமெல்லாம் கேட்காது. நிறைய பேர் பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வருகிறார்கள், ஃபில்டரை மட்டும் சோப்பு போடாத குறையாகக் கழுவிவிடுகிறார்கள். தண்ணீரைக் கொட்டினாலும் பரவாயில்லை. ஸ்பாஞ்சைக் கழுவாமல், காயவிடாமல், பழைய தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டுக் கொண்டுவந்து, வந்த அன்றே ஓடவிட வேண்டும். காற்றுப் புகாமல் கட்டி ராத்திரி முழுக்க வைத்தால் மூச்சு முட்டி அதுவும் போய்விடும். பழைய மணலில் இரண்டு கைப்பிடியை ஒரு பழைய நைலான் காலுறையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது.

அம்மோனியாவுக்கு நிறமில்லை என்பதால் தெளிவான தண்ணீரை நம்ப முடியாது. சோதனைச் சொட்டு மருந்துக் கடையில் கிடைக்காது, வண்ண மீன் கடையில் கிடைக்கும், வாங்கிப் பாருங்கள். லிட்டருக்குக் கால் மில்லிகிராம் காட்டினாலே அன்றைக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறையுங்கள். ஒருநாள் பட்டினியில் கோரி சாகாது. கோரி தரையோடு தரையாக வாழ்வதால் அடியில் தேங்கும் அழுக்கு முதலில் அதன் மீசையில்தான் தெரியும்: நுனி தேய்ந்து, கடைசியில் மொட்டையாகிவிடும். வயிற்றில் சிவப்புத் திட்டு தெரிந்தால் மருந்து தேடும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

உள்ளூர்ச் சங்கதி ஒன்று. இந்தப் பக்கத்துச் செம்பாறைக் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அமிலத்தில் அம்மோனியாவின் விஷம் குறையும். பிஎச் 7இல், 25 டிகிரியில், மொத்தத்தில் அரை சதவீதம்தான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிஎச் 6க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாவும் வேலைநிறுத்தம் செய்யும். (கேரளத்தில் அதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!) கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிட்டுத் தொட்டியில் ஊற்றுங்கள். கடலை ஒட்டிய கிணறென்றால் ஒரு மடக்கு வாயில் விட்டும் பாருங்கள், உப்பு கரித்தால் வேண்டாம்.

கேள்வி: பிடிக்கும்போது வலையில் முள் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் பிய்ந்துவிடுமோ?
– தக்கலை வாசகர்

பதில்: பிய்ந்துவிடும். மீனல்ல, முள். முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் உள்ள முள்ளை மிரண்டதும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். விழுங்க வருகிறவனுக்கு அது தொண்டையில் பாடம். வலை அதற்குத் தெரியாது. மாட்டிவிட்டால் இழுக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே சற்று விட்டுப் பாருங்கள், அப்படியும் விடவில்லையென்றால் வலையைக் கத்தரியுங்கள். வலை விலை கொஞ்சம்தான். அடுத்த முறை வலையால் ஓட்டி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நுழைய விட்டு, தண்ணீரோடு தூக்குங்கள். வெறுங்கையால் பிடித்தால் ஒரு குத்து கிடைக்கும், சுரீரென்று சற்று நேரம் எரியும்.

பயணத்துக்குக் கவர் எப்போதும் இரட்டை. ஒரு கவரின் மூலை இன்னொன்றின் மூலையில் வராதபடி திருப்பிப் போட்டு, மூலைகளை ரப்பர் பேண்ட் போட்டு மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மீன் ஒதுங்கி நசுங்கும் இடம் அதுதான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. முந்தின நாளிலிருந்து தீனி கிடையாது: பயணத்தில் கழிவு குறையும். சில வகைக் கோரிகளுக்குத் துடுப்பு முள்ளின் அடியில் சுரப்பி உண்டு. மிரளும்போது அதிலிருந்து கசிவது சின்னக் கவருக்குள் அதற்கே வினையாகலாம் என்பதால், அனுபவசாலிகள் பிடித்ததும் ஒரு வாளியில் பத்து நிமிடம் விட்டு, பிறகு புதுத் தண்ணீரில் கட்டுகிறார்கள். நானும் அந்தக் கட்சி. கடைசியில் எல்லாவற்றையும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இருட்டில் மீனும் சும்மா இருக்கும், சூடும் ஏறாது.

கேள்வி: புதுத் தண்ணீருக்குப் பழக்க மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறார் கடைக்காரர். காணொளியில் ஒருவர் உடனே விடச் சொல்கிறார். யாரை நம்புவது?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: கடிகாரத்தை. வாளியில் வைத்துப் பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவந்தீர்களா? மெதுவாகவே பழக்கலாம். சென்னை கொளத்தூரில் ராத்திரி கட்டிய கவர் காலையில் உங்கள் கைக்கு வந்ததா? அப்போது கதை வேறு. மூடிய கவருக்குள் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்கி வைத்திருக்கும். அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா பல்லைப் பிடுங்கிய பாம்பாகக் கிடக்கும். கவரைப் பிரித்ததும் வாயு பறக்கும், பிஎச் ஏறும், பாம்புக்குப் பல் முளைக்கும். அந்தத் தண்ணீரிலேயே மீனை மூன்று மணி நேரம் வைத்திருப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கொடுமை. மூடிய கவரை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு பிரித்து, கவர்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, மீனை மட்டும் விடுங்கள். தொட்டித் தண்ணீரில் குளோரினை முன்பே முறித்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாமே?

கேள்வி: விழிஞ்ஞத்தில்தான் இவ்வளவு பெரிய துறைமுகம் வந்துவிட்டதே, இனிமேல் கோரி கப்பலில் நேராக வந்து இறங்குமா?
– கோவளம் வாசகர்

பதில்: 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' வந்தது, 2025 மே 2இல் திறப்பு விழாவும் முடிந்தது. பெட்டிகள்தான் இறங்குகின்றன, மீசை எதுவும் இறங்கவில்லை. உயிர் மீனுக்கு வாரக் கணக்கில் தாங்கும் கவர் இல்லை. அதனால் விமானம், ரயில், பேருந்து. போகட்டும், இன்று விற்கும் சாதாரண ரகங்கள் ஆற்றையே பார்க்காமல் பண்ணைத் தொட்டியில் பிறந்தவை.

கேள்வி: கோவளம் கறுப்பு மணலை அள்ளித் தொட்டியில் போட்டால் கோரி எடுப்பாக இருக்கும் அல்லவா? இல்லையென்றால் வீட்டு வேலைக்கு வந்த எம்-சாண்ட் மிச்சம் இருக்கிறது.
– நெய்யாற்றின்கரை வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். கறுப்பு மணலின் கறுப்பு இல்மனைட் என்ற தாது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் ஆலை வைத்து இதைப் பிரித்தெடுக்கிறது. கூடவே கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட்டும் கிடைக்கிறது. கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படியும் குற்றம். தவிர, அதில் கலந்த சிப்பித் தூள் கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் ஏறும்.

எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்தது. ஒவ்வொரு மணிக்கும் விளிம்பு கூர்மை. கோரி சாப்பிடுவதை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். மூக்கு மண்ணில் புதையும், வாய் நிறைய மணலை அள்ளும், தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாகப் புகைபோல விடும். நாள் முழுக்க இதே வேலை. உடைத்த கல்லை அதன் செவுள் வழியாக ஓட்டச் சொல்வது நியாயமா? நீச்சல் குள ஃபில்டரில் போடும் நுண் மணல் மூட்டையாகக் கிடைக்கிறது, மணி உருண்டை. கலங்கல் தெளியும்வரை அலசிப் போடுங்கள்.

கேள்வி: புது மீன் வந்ததும் நீலச் சொட்டு விடுவது கட்டாயமா?
– சாலை கடைத்தெரு வாசகர்

பதில்: விற்கிறவருக்குக் கட்டாயம். மெத்திலீன் நீலம் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். நோய் இருந்தால் தனி வாளியில் வைத்தியம் பாருங்கள்.

கேள்வி: திடீர் திடீரென்று மேலே பாய்ந்து வாயைத் திறந்துவிட்டு ஓடுகிறது. புதுத் தொட்டி பிடிக்கவில்லையோ?
– களியக்காவிளை வாசகி

பதில்: எப்போதாவது பாய்ந்தால் சுபாவம். கோரிக்குக் குடலிலும் சுவாசம் உண்டு. மேலே ஒரு மடக்குக் காற்றை விழுங்கிக் குடலில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்; மீதி எந்த வழியாக வெளியேறும் என்று குழந்தைகள் கேட்டால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஆகவே தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். நிமிடத்துக்குப் பலமுறை பாய்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள்: ஆக்சிஜன் குறைவு, அல்லது பழைய குற்றவாளி அம்மோனியா.

மார்ச், ஏப்ரலில் இது அதிகம். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 30இல் ஏழரைதான். டார்வினின் பலேட்டஸ் குளிர் விரும்பி, பாண்டா கோரியும் அப்படியே. நம் கடற்கரையில் அவற்றை வைத்து விசிறிபோட்டுக்கொண்டிருப்பதைவிட, வெப்பம் தாங்கும் ஸ்டெர்பை கோரியை வாங்குவது புத்தி. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: மாற்றிய மறுநாளே கண்ணாடியில் முட்டை! அதிர்ச்சியில் இட்டதா?
– பாறசாலை வாசகர்

பதில்: சந்தோஷத்தில். குளிர்ந்த புதுத் தண்ணீரை அது மழைக்காலம் என்று நினைத்துவிட்டது. வாழ்த்துகள். பெற்றோரே தின்றுவிடுவார்கள், காலாவதியான ஏடிஎம் அட்டையால் மெல்ல வழித்துத் தனி டப்பாவில், ஏர் பம்ப் குமிழோடு வையுங்கள். நாலைந்து நாளில் பொரியும்.

கேள்வி: வீடு மாறுகிறேன், சுமக்க முடியவில்லை. வெள்ளாயணிக் காயலில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: பெயர் வேண்டாம் என்றது சரிதான். இப்படி இரக்கப்பட்டு விட்ட சக்கர் மீன் கேரளத்துக் கால்வாய்களில் பெருகி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் தென் அமெரிக்கக் கவச மீசைக்காரர்தான். கோரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: நன்றாக வைத்துக்கொண்டால் எத்தனை வருஷம் இருக்கும்?
– உள்ளூர் வாசகர்

பதில்: பத்து வருஷம்கூட இருக்கும். உங்கள் வாடகை ஒப்பந்தமோ பதினோரு மாதம். கணக்கை நீங்களே போட்டு, இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாக வையுங்கள்.