ஜப்பான் புகும் ஆங்கில ஆசிரியர் இலக்கணம்

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு இலக்கணம் வகுத்தார். ஆசிரியர் ஆகாதாருக்கும் வகுத்தார். ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்பிப்பவரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டார். 13ஆம் நூற்றாண்டில் அதற்குத் தேவை எழவில்லை. இன்று எழுந்துவிட்டமையால் அக்குறை தீர இந்நூல் செய்யப்பட்டது என்க.

முதல் நூற்பா:

பட்டம் ஒன்றே பயணத் திலக்கணம்
எப்பட்டம் என்பதை எவரும் கேளார்.

இதன் உரை: ஆங்கிலம் கற்பிக்க வேலை விசா கோருவோருக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். ஆங்கில இலக்கியம்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. விலங்கியல் போதும், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கும் போதும். பி.எட். கேட்பதில்லை. டெஃபல் எனப்படும் 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியின் சான்றிதழ் இருந்தால் நேர்முகத்தில் ஒரு தலையசைப்பு கிடைக்கும். விசா அதை நம்பி இருப்பதில்லை. ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் பெரும்பாலான இடங்களில் இல்லை. 'பிறகு அந்தப் பட்டம் எதற்கு?' எனின், குடிவரவுத் துறைக்கு. வகுப்பறைக்கு அன்று.

இவ்விதிக்கு மாறாகச் சில சான்றுகள் வரலாற்றில் உள. ஜப்பானில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாளராகக் கற்பித்த முதல்வர் என்று சொல்லப்படுபவர் ரானல்ட் மெக்டொனால்ட். தந்தை விலங்குத் தோல் வணிக நிறுவனத்து ஸ்காட்லாந்துக்காரர், தாய் சினூக் பழங்குடிப் பெண். அந்நியர் நுழையக் கூடாத காலத்தில், 1848இல், திமிங்கிலக் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கி, கப்பல் உடைந்தவர்போல் நடித்து ரிஷிரி தீவில் கரையேறினார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் 14 பேர் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள். ஆசிரியர் கம்பிக்கு உள்ளே, மாணவர் வெளியே. அந்த மாணவருள் ஒருவரான மொரியாமா எய்னொசுகே பின்னாளில் அமெரிக்கத் தளபதி பெர்ரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். 1890இல் வந்த லாஃப்காடியோ ஹேர்ன் மட்சுயே நகரத்துப் பள்ளியில் தொடங்கி டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம்வரை கற்பித்தார். 1903இல் அவர் விலகிய இடத்துக்கு வந்தவர் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி. மெக்டொனால்டிடமும் பட்டம் இல்லை, ஹேர்னிடமும் இல்லை. இன்று விண்ணப்பித்தால் இருவர் கோப்பும் முதல் மேசையிலேயே திரும்பிவிடும்.

இனி வகை. இவ்வாசிரியர் பள்ளியார், கடையார், கழகத்தார், சார்பினார் என நால்வகைப்படுவர்.

பள்ளியார் என்போர் ஏ.எல்.டி. எனப்படும் உதவி ஆசிரியர். இவர்களுக்குரிய கல்வி விசாவில் இரண்டாவது விதி ஒன்று உண்டு: கற்பிக்கப் போகும் மொழியிலேயே 12 ஆண்டுக் கல்வி பெற்றிருக்க வேண்டும். தாய்மொழி எது என்று விதி கேட்பதில்லை. விளம்பரம் கேட்கும்; அது வேறு கதை. எல்.கே.ஜி.யிலிருந்து கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய நம் பெற்றோர் நினைத்தே பார்க்காத பலனை ஜப்பானியச் சட்டம் வைத்திருக்கிறது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, பிறகு ஆங்கிலத்தில் எம்.ஏ. தங்கப் பதக்கம் வாங்கியவருக்குக் கல்லூரி ஆண்டுகளைக் கூட்டினாலும் 12 வராது. ஆங்கில வழியில் தட்டுத் தடுமாறித் தேறியவருக்கு வந்துவிடும். யார் நன்றாகக் கற்பிப்பார் என்பது இச்சூத்திரத்தின் ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று.

பள்ளியாரில் தலையானவர் ஜெட் திட்டத்தார். இத்திட்டத்தை 1987இல் ஜப்பான் அரசே தொடங்கியது. தூதரகம் தேர்ந்தெடுக்கும், விமானச் சீட்டும் கிடைக்கும். 2025 முதல் முதலாண்டுச் சம்பளம் சுமார் 40 லட்சம் யென். அதிகபட்சம் 5 ஆண்டு. எந்த ஊர் கிடைக்கும் என்பது மட்டும் விதிவசம். டோக்கியோ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்கொரு ரயில் வரும் மலைக் கிராமத்தில் இறங்கியவர் பலர்.

இடைநிலையார் நிறுவனம் மூலம் அனுப்பப்படுவோர். ஒருவர் தண்ணீர் ஊற்ற, வேலி தாண்டிச் சாய்ந்து அடுத்த வீட்டில் காய் போடும் முடத்தெங்கை நன்னூலார் ஆசிரியர் ஆகாதார் பட்டியலில் வைத்தார். ஜப்பானில் அதையே தொழிலாக நடத்த நிறுவனங்கள் உள. பள்ளி நிர்வாகம் நிறுவனத்துக்குப் பணம் தரும். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஆசிரியருக்குத் தரும். கோடை விடுமுறை மாதத்தில் அந்த மீதியும் பல இடங்களில் சுருங்கும். இதிலும் ஒரு நுட்பம்: ஒப்பந்தம் குத்தகை வகையாக இருந்தால், வகுப்பில் பக்கத்தில் நிற்கும் ஜப்பானிய ஆசிரியர் இவருக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது. உத்தரவிட்டால் தொழிலாளர் சட்டத்தில் அது போலிக் குத்தகை ஆகிவிடும். 'இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசியுங்கள்' என்பதுகூட நிறுவனத்தின் வழியாகத்தான் வர வேண்டும். ஏ.எல்.டி.க்கு ஜப்பானில் ஆசிரியர் உரிமம் இல்லாததால் தனியாகப் பாடம் நடத்தவும் முடியாது. சேர்ந்து நடத்த வேண்டும், ஆனால் ஒருவருக்கொருவர் பணிக்கக் கூடாது. தருக்க நூலார் இதை எவ்வாறு தீர்ப்பரோ அறியோம். நடைமுறையில் எல்லாரும் காதில் விழாததுபோல் இருந்து சமாளிக்கிறார்கள்.

கடையார் என்போர் எய்கைவா எனும் தனியார் பேச்சுப் பயிற்சிக் கூடத்தார். ரயில் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பர். மாலையும் சனி ஞாயிறும் வேலை, காலையில் உறக்கம். மாணவர் அலுவலகக் களைப்பில் வந்து கண் சொருகும் கம்பெனிக்காரர், அல்லது அம்மா இழுத்து வந்த ஐந்து வயதுக் குழந்தை. இவ்வகையில் மிகப் பெரியதான நோவா, இளஞ்சிவப்பு முயல் சின்னத்தால் நாடெங்கும் அறியப்பட்டது, 2007 அக்டோபரில் கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றார்கள். கூடத்தில் சேருமுன் சம்பள நாள் எது, வீட்டு வாடகையை யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்று கேட்பது ஆசிரியர் இலக்கணத்தின் பாற்படும்.

கழகத்தார் பல்கலைக்கழகத்தில் கற்பிப்போர். முதுகலைப் பட்டம், ஆய்வுக் கட்டுரைகள், குறுகிய கால ஒப்பந்தம். இவர்களே இலக்கணம் எழுதுவோராதலால் விரிக்கவில்லை.

சார்பினார் பட்டமின்றியும் கற்பிக்க வல்லார்: ஜப்பானியரை மணந்தோர், பணி விடுமுறை விசாவில் வந்த இளைஞர். பின்னதை ஜப்பான் 1980இல் முதன்முதலாக ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தமிட்டுத் தொடங்கியது. இந்தியாவோடு அவ்வொப்பந்தம் இல்லை. நமக்கு எஞ்சிய வழி திருமணம் ஒன்றே. அது வேறு நூலின் பொருள்.

இனிக் குணம். பள்ளிக்குள் காலணி கழற்றி, உள்ளே அணியும் தனிக் காலணி இட வேண்டும். விருந்தினர் செருப்பு நம்மவர் குதிகாலுக்குப் பாதியில் நிற்கும், சொந்தமாக ஒன்று கொண்டு போகவும். நண்பகலில் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்த பிள்ளைகளே உணவு பரிமாறுவர். ஆசிரியரும் அதையே உண்பார், பாலும் உண்டு. சைவ உணவினர் கவனிக்க: சூப்பில் மீன் துண்டு தெரியாவிட்டாலும் அதன் சாறு இருக்கும். 'ஹவ் ஆர் யூ?' என்றால் முப்பது பேரும் ஒரே குரலில் 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' என்பர். காய்ச்சலில் இருப்பவனும் அதையே சொல்வான்.

2020 முதல் ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கிலம் மதிப்பெண் பாடமாகிவிட்டதால் ஆள் தேவை குறையவில்லை. போக எண்ணுவோர் படித்த பள்ளிக்குப் போய், ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கவும். தலைமையாசிரியர் மாறினால் அலைய வேண்டும். வேலை கிடைத்தபின் தகுதிச் சான்றிதழை ஜப்பானில் உள்ள முதலாளி விண்ணப்பித்து அனுப்புவார். அது மூன்று மாதமே செல்லும். அதற்குள் ஜப்பானில் இறங்கியாக வேண்டும்.