முதலிடத்தார்

கரூரில் அவர் திரைச்சீலை விற்பார், சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பார், கும்பகோணத்தில் குத்துவிளக்கு. நான் நன்றாக அறிந்தவர் கோயமுத்தூர்க்காரர், வெட் கிரைண்டர். சரக்கு மாறலாம், ஆள் ஒருவர்தான். காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பவர்கள் உண்டு, சாமி படத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. இவர் கூகுளைப் பார்ப்பார். சரக்கின் பெயரையும் ஊரின் பெயரையும் தட்டி, முதலில் வருவது தன் கடைதான் என்று தெரிந்த பிறகுதான் காபி தொண்டையில் இறங்கும். கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, தினமும் தன் தளத்தையே திறக்கிற சொந்தப் போனில் தேடினால் தன் கடை மேலே வராமல் வேறு எது வரும்? இதை அவரிடம் ஒருவர் எடுத்துச் சொன்னார். அவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார்.

எதிர்க்கடையின் விளம்பரம் கண்ணில் பட்டால் நாலு தரம் அழுத்திவிட்டு வருவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதிரிக்குக் காசு போகும் என்ற ஆனந்தம். இந்த மாதிரி அழுத்தல்களைக் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து கழிக்கக் கூகுளில் ஏற்பாடு உண்டு. எதிர்க்கடைக்காரரும் தினமும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் போய் தளத்தின் முகவரியை மாற்றலாம் என்றால் என்ன ஆகும்? மாற்றம் ஓர் எழுத்துதான். எச்.டி.டி.பி.யின் வாலில் ஓர் எஸ். வருகிறவருக்கும் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை இடையில் யாரும் படிக்கவோ திருத்தவோ முடியாமல் பூட்டிவைக்கிற ஏற்பாடு. 1994-ல் நெட்ஸ்கேப் கொண்டுவந்தது. ஆனால் கூகுளின் கணக்கில் எஸ் இல்லாத முகவரி ஒன்று, எஸ் உள்ள முகவரி வேறொன்று. பழையதில் சம்பாதித்த பெயர் புதியதற்கு வந்து சேருமா என்ற கேள்வியில்தான் முதலிடத்தாரின் தூக்கம் போயிற்று.

எஸ் உள்ள தளங்களுக்கு வரிசையில் கொஞ்சம் சலுகை உண்டு என்று கூகுள் 2014 ஆகஸ்டிலேயே அறிவித்தது. ரொம்ப லேசான சலுகை, தேடல்களில் நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடாது என்றும் கூடவே சொன்னது. நம்மவர் பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நூத்துல ஒண்ணுக்காக ஓடற யாவாரத்துல கை வெப்பாங்களா கண்ணு?" நாலு வருஷம் இதே பதில்.

2018 ஜூலை 24-ல் குரோம் 68 வந்தது. எஸ் இல்லாத எல்லாத் தளங்களின் தலையிலும் 'நாட் செக்யூர்' என்று எழுதி ஒட்டியது. சீர்வரிசைக்குக் கிரைண்டர் தேடிய ஈரோட்டுக்காரர் ஒருவர் போன் போட்டு, "உங்க சைட்டு சேஃப் இல்லீன்னு வருதுங்களே" என்றார். முதலிடத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு தலமொறை யாவாரம். ஒத்த ரூவா ஏமாத்துனேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இவன் சொல்றான் பாரு!"

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இதுதான் சமயம் என்று பாய்ந்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, கிரைண்டர் தேடுகிற ஆளும் குறைவு. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து மாறுங்கள் என்பது கூகுளே சொல்லும் யோசனை.

"ஆடியிலயா? ஆடியில வாடகை வீட்டுக்குக்கூட எவனும் குடி போகமாட்டான்."

"ஆவணியில முகூர்த்தம் ஆரம்பிச்சுருமுங்ண்ணா. அப்பத் தடுமாறுனா சீசனே போயிரும்."

கூகுளுக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நாள் கிடைத்தது. ஆடிப்பெருக்கு. ராகு காலம் தள்ளி, விடியற்காலை.

அடுத்த தகராறு எண்ணில். கடை இடம் மாறினால் பழைய கதவில் நோட்டீஸ் ஒட்டுவோமே, அதற்கு இணையத்திலும் வழி உண்டு. 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டோம். 302 என்றால் தற்காலிகமாக அங்கே இருக்கிறோம், திரும்பி வருவோம். 302-ஐ ஒட்டினால் கூகுள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால் தம்பி 301 என்றான். முதலிடத்தார் விரல்விட்டுக் கூட்டினார். மூன்றும் ஒன்றும் நாலு. நாலு ராகு. மூன்றும் இரண்டும் ஐந்து. ஐந்து புதன், வியாபாரத்துக்கு அதைப்போல உண்டா? "ரெண்டே போட்டுரு கண்ணு."

தம்பி கெட்டிக்காரன். கேனானிக்கல், இண்டெக்ஸ் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "302-ன்னா கொலைக் கேஸ் செக்ஷனுங்ண்ணா" என்றான். 301 உறுதியாயிற்று.

இப்படி ஆளைத் திருப்பிவிட்டால் மதிப்பு கொஞ்சம் ஒழுகிவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை தொழிலில் உண்டு. அப்படி எதுவும் ஒழுகாது என்று 2016-ல் கூகுள் ஆட்களே சொல்லிவிட்டார்கள். முதலிடத்தார் நம்பவில்லை. அவருக்கு வேறொரு யோசனை இருந்தது: பழைய பக்கம் எதைத் திறந்தாலும் ஆள் நேராக முகப்புப் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கேதான் அவர் விருது வாங்கும் போட்டோ இருக்கிறது. டில்டிங் கிரைண்டர் பக்கத்தைத் தேடி வருகிறவன் டில்டிங் கிரைண்டர் பக்கத்துக்கே போய்ச் சேராவிட்டால், அந்தப் பக்கம் செத்துவிட்டது என்றே கூகுள் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கம் என்று இழை பிசகாமல் இணைக்க வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லித் தம்பி தப்பித்தான்.

பூட்டுக்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டில் இலவசம். "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?" காசு கொடுத்தே வாங்கினார். வாங்கியது ஒரு கோப்புதான் என்றதும் மனசு கேட்கவில்லை. கலர் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஆடிப்பெருக்கன்று மாற்றியாயிற்று. எஸ் வந்தது, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வரவில்லை. தம்பி ஒரு மணி நேரம் துருவிக் காரணத்தைப் பிடித்தான். எல்லாப் பக்கங்களின் அடியிலும் மாலையோடு இருக்கும் நிறுவனரின் படம் மட்டும் எஸ் இல்லாத பழைய முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் பக்கத்துக்குள் அப்படி ஒன்று இருந்தாலே குரோம் பூட்டைக் காட்டாது.

"அப்பாரு படம் மட்டும் பழைய அட்ரஸ்லயே இருக்குதுங்ண்ணா."

முதலிடத்தாருக்குத் தழுதழுத்துவிட்டது. "அவரு இருந்த எடத்த விட்டு நவுரமாட்டாரு கண்ணு. வூடு மாத்தறப்பவும் இப்படித்தான்." படத்தின் முகவரியில் ஓர் எழுத்தைச் சேர்த்ததும் அப்பாரு நகர்ந்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து இரவு பதினோரு மணிக்குத் தம்பிக்குப் போன். "தம்பி, போச்சு. எல்லாம் போச்சு." கூகுள் தேடலிலிருந்து வருகிறவர்களைக் கணக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் கோடு மலையிலிருந்து தள்ளிவிட்டதுபோல் விழுந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தது பழைய முகவரியின் கணக்கு. அந்த நாளில் எஸ் இல்லாததற்கு ஒரு கணக்கு, உள்ளதற்கு ஒரு கணக்கு. இரண்டையும் ஒரே கணக்காக வைத்துக்கொள்ளும் வசதி 2019-ல்தான் வந்தது. இங்கே விழுந்ததெல்லாம் அங்கே ஏறிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து காட்டியும் அவர் விழுகிற கோட்டைத்தான் பார்த்தார். "அந்த எஸ்ஸ எடுத்துரு தம்பி."

ஒரு நடுத்தரத் தளத்தைக் கூகுள் திரும்பப் படித்து முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இடம் கொஞ்சம் ஆடும். என்னைக் கேட்டால், எஸ் சேர்த்ததால் இடம் போனவர்களைவிட இந்தச் சில வாரம் சும்மா இருக்க முடியாமல் போட்டதை எடுத்து, எடுத்ததைப் போட்டு இடத்தைத் தொலைத்தவர்களே அதிகம் இருப்பார்கள். முதலிடத்தாரின் கை சும்மா இருக்கவில்லை. ஆனால் அதற்குத் தம்பி வேறு வேலை கொடுத்திருந்தான்: துபாய் மச்சினன், சேலத்து அத்தை, பெங்களூரு மருமகன் எல்லோருக்கும் போன் போட்டு, "அங்க எத்தனாவதா வருது?" என்று கேட்டு நோட்டில் எழுதுவது. பாஸ்வேர்டைத் தம்பி தரவேயில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் பழைய இடம் திரும்பிவிட்டது.

இப்போது சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "301-தான் போடோணும். 302 போட்டா உள்ள போக வேண்டியதுதான்" என்பார், கைதட்டல் எழும். சான்றிதழ் சட்டத்தை மட்டும் வருஷாவருஷம் இறக்கிப் புதிய பிரிண்டை வைத்துவந்தார். அதிலும் மண் விழுந்தது. உலாவிக்காரர்களும் சான்றிதழ் தருகிறவர்களும் 2025-ல் கூடி எடுத்த முடிவின்படி, 2029 மார்ச்சிலிருந்து எந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் 47 நாளுக்கு மேல் கிடையாது. தானாகவே புதுப்பித்துக்கொள்ள வழி உண்டுங்ண்ணா, பயப்படாதீங்க என்று தம்பி ஆரம்பித்தான். முதலிடத்தாரின் கவலை அது இல்லை.

"நாப்பத்தேழா? இன்னொரு நாள் சேத்திக் கேட்டுப் பாரு கண்ணு. ஒரு மண்டலமா இருக்கட்டும்."