பல்லாவரம் தொட்டால் பழவந்தாங்கல்

தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அதில் ஏற கைபேசியில் டிக்கெட் எடுப்பதற்குள்தான் நமக்கு ஷாக் அடிக்கிறது. இன்றைய திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய மின்புலம் விரல் பட்டதும் மாறுவதைத்தான் பார்க்கிறது. உப்பு வியர்வையும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மே மாத வெயிலில் நடைமேம்பாலம் ஏறி இறங்கி, வியர்த்த விரலால் நிலையப் பட்டியலில் பல்லாவரத்தைத் தொட்டால் பழவந்தாங்கல் வந்து நிற்கிறது. ஆத்திரத்தில் கட்டைவிரலால் குத்துகிறோம். குத்தினாலும் தடவினாலும் திரைக்கு ஒன்றுதான்.

தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஏதோ ஒரு கைபேசிக் கடைத் தம்பியிடம் கைபேசியை நீட்டினால், கையில் வாங்குமுன்பே தீர்ப்பு: “டிஸ்ப்ளே போச்சுண்ணா, மாத்திடலாம்.” விரலையும் திரையையும் துடைத்து, ஓரம் தூக்கிக்கொண்ட டெம்பர்டு கிளாஸை உரித்து, ஒருமுறை அணைத்துப் போட்டால் பாதி நோய் போய்விடும் என்று அவர் சொல்லமாட்டார். அவருக்கும் கடை வாடகை இருக்கிறதே! சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாகப் பேயாட்டம் ஆடுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி மலிவு சார்ஜர். அதையும் அதே தம்பியிடம்தான் பேரம் பேசி வாங்கியிருப்போம்.